நிறுவன வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கார்ப்பரேட் வரி 22 சதவீதம் என்று ஒருவர் சொல்கிறார், 25 என்று இன்னொருவர் சொல்கிறார், தொலைக்காட்சி விவாதத்திலோ 30 என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: மூன்றுமே சரியான எண்கள்தான், எதற்குரிய எண் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த புதிய முறையில் அடிப்படை விகிதம் 22 சதவீதம். அந்த வரித்தொகையின் மேல் 10 சதவீத சர்சார்ஜும் (கூடுதல் வரி), இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீத செஸ்ஸும் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான மேல்வரி) ஏறி, நிறுவனம் உண்மையில் செலுத்துவது ஏறத்தாழ 25.17 சதவீதமாகிறது. பழைய முறையில் அடிப்படை 30 சதவீதம். ஆண்டு வருமானம் 10 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனத்துக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து 34.94 சதவீதம். புதிய முறைக்குப் போக விரும்பும் நிறுவனம், சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை முதலான பெரும்பாலான விலக்குகளைக் கைவிட வேண்டும். ஒருமுறை போனால் திரும்பி வர முடியாது.

ஆகவே '35-லிருந்து 25-க்குக் குறைத்துவிட்டார்கள்' என்பதும் பாதி உண்மையே. அதற்கு முன்பும் பல பெரிய நிறுவனங்கள் விலக்குகளின் துணையால் சட்டம் சொன்ன விகிதத்தைவிடக் கணிசமாகக் குறைவாகவே செலுத்தி வந்தன. பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) கொடுத்துவிட்டு வரி மட்டும் கட்டாத 'பூஜ்ய வரி நிறுவனங்கள்' பெருகியதால்தான், 1987-லேயே கணக்குப் புத்தக லாபத்தின் மீது குறைந்தபட்ச வரி ஒன்றை விதிக்க நேர்ந்தது.

கேள்வி: வரியைக் குறைத்தால் முதலீடும் வேலையும் பெருகும் என்றார்கள். பெருகினவா?

பதில்: இந்த விவாதத்தில் இரு தரப்பும் தமக்கு வசதியான ஆண்டை எடுத்துக்கொள்கின்றன. அறிவித்த அன்றே, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசு மதிப்பிட்டது. 2018-19-ல் சுமார் 6.63 லட்சம் கோடியாக இருந்த நிறுவன வரி வசூல் அடுத்த ஆண்டு 5.56 லட்சம் கோடிக்கு இறங்கியது; எதிர்ப்பவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 2023-24-ல் அது 9.11 லட்சம் கோடிக்கு ஏறியது. ஆதரிப்பவர்கள் அங்கிருந்து தொடங்குகிறார்கள். இடையில் கொரோனா வந்து போனதால், எந்த ஏற்றமும் இறக்கமும் வரிக்குறைப்பால் மட்டுமே விளைந்தது என்று யாராலும் நிறுவ முடியாது.

எனக்கு நம்பகமாகத் தோன்றுபவை அரசு சார்ந்த இரண்டு ஆவணங்கள். வரிக்குறைப்பால் மிஞ்சிய பணம் கடனை அடைப்பதற்கும் கையிருப்பைப் பெருக்குவதற்கும் போனதே தவிர, புதிய மூலதனச் செலவை முடுக்கிவிடவில்லை என்று இந்திய ரிசர்வ் வங்கியின் 2019-20 ஆண்டறிக்கை சொன்னது. 33,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் 2020 நிதியாண்டுக்கும் 2023-க்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மடங்கான போதிலும், ஆள்சேர்ப்பும் ஊதியமும் அந்த வேகத்தை எட்டவில்லை என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை ஒப்புக்கொண்டது. இவை எதிர்க்கட்சி மேடையில் பேசப்பட்டவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 2023-24-ல் தனிநபர் வருமான வரி வசூல் 10 லட்சம் கோடியைத் தாண்டி நிறுவன வரியை முந்தியிருந்தது. மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுபவரின் முணுமுணுப்புக்கு அடிப்படை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இருப்பினும், வாங்குவதற்கு ஆள் இருந்தால்தான் முதலாளி புதிய ஆலை கட்டுவார். விற்பனை மந்தமாக இருக்கும்போது வரியை 15 சதவீதமாக்கினாலும் அவர் பணத்தை வங்கி வைப்பில் போடுவாரே தவிர, இயந்திரம் வாங்க மாட்டார்.

கேள்வி: விவசாயிக் கடனைத் தள்ளுபடி செய்யாத அரசு கார்ப்பரேட்டுகளுக்குப் பல லட்சம் கோடியைத் தள்ளுபடி செய்தது என்கிறார்களே?

பதில்: இதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன. வரி விகிதத்தைக் குறைப்பது ஒன்று. வங்கிகள் வராக்கடனைத் தம் ஏட்டிலிருந்து நீக்குவது இன்னொன்று. இதில் கடன் வாங்கியவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது, வசூல் நடவடிக்கை தொடரலாம் (உண்மையில் எவ்வளவு வசூலாகிறது என்பது தனியாகக் கேட்க வேண்டிய, சங்கடமான கேள்வி). மூன்றாவது, பட்ஜெட்டோடு வெளியிடப்படும் வரிச் சலுகைக் கணக்கு. 'ஆண்டுக்கு ஐந்து லட்சம் கோடி' என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட தொகை அதிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி சுங்க வரி, கலால் வரிச் சலுகைகள். தனிநபர்களின் சேமிப்புக்கான விலக்கும் அதில் அடக்கம். நிறுவனங்களின் வருமான வரிச் சலுகை அதில் ஒரு பங்கு மட்டுமே.

கேள்வி: திருப்பூரில் கூட்டு வணிகமாக பனியன் தொழில் நடத்துகிறோம். நாங்கள் 30 சதவீதம் கட்டும்போது பெருநிறுவனம் 22 கட்டுவது என்ன நியாயம்?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. செஸ்ஸோடு உங்களுக்கு 31.2 சதவீதம், வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். ஆனால் வரி கட்டிய பின் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும் லாபத்துக்கு அவர்கள் கையில் மீண்டும் வரி இல்லை. கம்பெனியில் அப்படியல்ல. 100 ரூபாய் லாபத்தில் 25.17 வரி போக மிஞ்சும் 74.83-ஐ டிவிடெண்டாகக் கொடுத்தால், 2020 முதல் பெறுபவரும் வரி செலுத்த வேண்டும், அவர் 31.2 சதவீதப் படியில் இருந்தால் மேலும் 23.35 ரூபாய். மொத்தம் 48.52. லாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே போடுபவருக்கு மட்டுமே கம்பெனி மலிவு. கம்பெனியாக மாறுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மத்திய அரசு விதிக்கும் வரியைக் குறைத்ததில் மாநிலங்களுக்கு என்ன இழப்பு?

பதில்: பலரும் கேட்கத் தவறும் கேள்வி இது. நிறுவன வரியின் அடிப்படைப் பகுதி மாநிலங்களுடன் பகிரப்படும் தொகுப்பில் சேர்கிறது. செஸ்ஸும் சர்சார்ஜும் அதில் சேர்வதில்லை. 2019-ல் நிகழ்ந்த சுமார் 9.78 சதவீதப் புள்ளிக் குறைப்பில் 8 புள்ளிகள் பகிர்வுக்குரிய அடிப்படை விகிதத்தில் வெட்டப்பட்டவை. அந்த ஆண்டு மாநிலங்களின் பங்கு 42 சதவீதமாக இருந்ததால், டெல்லி எடுத்த முடிவின் கணிசமான செலவைச் சென்னையும் பாட்னாவும் கவுகாத்தியும் சேர்ந்தே ஏற்றன. இதைப் பற்றி மாநிலங்களிடம் முன்கூட்டியே கலந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: உலகம் முழுவதும் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி வந்துவிட்டதா?

பதில்: முழுமையாக இல்லை. 2021 அக்டோபரில் 136 நாடுகள் இதற்கு ஒப்புக்கொண்டன. இலங்கை, பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகியவை விலகி நின்றன. ஆண்டு விற்றுமுதல் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்களுக்கே அது பொருந்தும். அமெரிக்க நிறுவனங்களுக்கு விலக்களிக்க ஜி7 நாடுகள் 2025 ஜூனில் இசைந்த பிறகு அந்த ஏற்பாடு வெகுவாகத் தளர்ந்துவிட்டது. அந்நிய நிறுவனங்களின் இணைய விளம்பர வருவாய்க்கு இந்தியா விதித்திருந்த, 'கூகுள் வரி' என்று பேச்சுவழக்கில் அறியப்பட்ட 6 சதவீதத் தீர்வையும் 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது.