எக்ஸ்றே படமும் செவ்வாயின் வக்கிரமும்

அன்பின் அண்ணா,
எக்ஸ்றே படத்தை இரண்டாக மடித்து அதனூடாகச் சூரியனைப் பார்க்கிறேன். சூரியப் புள்ளிகள் தெரியவில்லை. எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? கிரகங்கள் வக்கிரமாகிப் பின்னுக்குப் போகும் என்று சாத்திரிமார் சொல்வது மூடநம்பிக்கைதானே?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

அன்பின் தம்பி,

முதலில் அந்த எக்ஸ்றே படத்தைக் குப்பையில் போடுங்கள். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது? விழித்திரை எரிந்தாலும் நோகாது, அதுதான் ஆபத்தே. 2019 மார்கழி 26 காலை, கங்கண கிரகணத்தன்று, எங்கள் ஒழுங்கையிலும் இதே கூத்துத்தான். நான் கத்திக் களைத்துக் கொட்டிலுக்குள் போனேன். கிடுகு ஓட்டைகளால் நிலத்தில் விழுந்த வெளிச்சப் பொட்டெல்லாம் வளையல் வளையலாகக் கிடந்தன! மற்ற நாட்களில் அவை வட்டம். சின்ன ஓட்டை எந்தக் கோணல் வடிவமென்றாலும் வட்டம்தான். விழுவது சூரியனின் படமல்லவா. ஏழடி உயரத்து ஓட்டைக்கு இரண்டு சென்ரிமீற்றர் சூரியன். புள்ளிகள் அதில் தெரியாது, பரவாயில்லை. தொலைநோக்கி பற்றி என்னைக் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

வக்கிரத்துக்கு வருவோம். சாத்திரிமார் அதற்குச் சொல்லும் பலனை நீங்கள் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை. ஆனால் செவ்வாய் பின்னுக்குப் போவது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். நமக்கு ஒரு சுற்றுக்கு 365 நாள், அதற்கு 687. உள்வட்டத்தில் ஓடும் நாம் அதை முந்தும்போது அது பின்வாங்குவது போலத் தெரியும். அவ்வளவுதான். பாராமலே மூடநம்பிக்கை என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான் தம்பி.

நான் பார்த்தேன். 1995 தை, போர்நிறுத்தம் வந்திருந்த நேரம். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்து வானம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து மணிக்கு அப்பா தட்டி எழுப்புவார். பனைகளுக்கு மேலே மக நட்சத்திரம், பக்கத்தில் அதைவிடப் பிரகாசமாகச் செவ்வாய். கையை நீட்டி விரலால் இடைவெளியை அளந்து, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு புள்ளி. நான் தூங்கி விழுந்தால் ஒரு குட்டு. நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் வித்தியாசமே தெரியாது, எரிச்சலாக வரும். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கும், மேற்கே! பங்குனியில் மகத்திலிருந்து ஒன்றரைக் கைமுட்டி தூரத்தில் நின்றது, பிறகு கிழக்கே திரும்பியது. மகத்துக்கு அது வந்து சேருமுன் சித்திரையில் சண்டை தொடங்கிவிட்டது. யார் முற்றத்தில் நிற்பது? கொப்பி ஐப்பசி இடப்பெயர்வோடு போயிற்று.

நீங்கள் வாங்க வேண்டியது ஒரு கொப்பிதான். அதற்கு முன் ஒரு வேலை. வருகிற சித்திரைப் புதுவருடத்தையொட்டி, ஏப்ரல் 14, 15இல், யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். முற்றத்தில் ஒரு மீற்றர் தடி ஒன்றை, தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்தி நடுங்கள். நிழல் அடியில் ஒடுங்கிப்போகும். பன்னிரண்டு மணிக்கல்ல, பன்னிரண்டு பத்துக்கு. நம் மணிக்கூடு 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது, யாழ்ப்பாணம் இருப்பது 80இல், பாகைக்கு நாலு நிமிடம். நேரத்தைக் குறித்து எனக்கு எழுதுங்கள். இரண்டு நிமிடம் முன்பின் விட்டுத்தருவேன். அதற்கு மேல் பிசகினால் உங்கள் தடி சரிந்திருக்கிறது.