தொடு உணர்வு தரும் செயற்கைக் கை வாங்கலாமா?

கேள்வி: பவர் பிரஸ்ஸில் சிக்கி என் கணவரின் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பேட்டரியில் இயங்கும் செயற்கைக் கை போட்டிருக்கிறார். டம்ளரைப் பிடித்தாலும் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரிகிறது. இல்லாத விரல்கள் குத்துவதாகவும் சொல்கிறார். செயற்கைக் கைக்குத் தொடு உணர்வு தரும் 'எலெக்ட்ரானிக் தோல்' பற்றிப் படித்தோம். நிலத்தை விற்றாவது வாங்கிவிடலாமா டாக்டர்?
- வாசகி, கோவை

பதில்: நிலத்தை விற்க வேண்டாம் அம்மா. நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. அழுத்தத்தை அதிர்வாக மாற்றித் தெரிவிக்கும் கைகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. விரலிலேயே உணர்வு வருவது வேறு.

உங்கள் கணவர் சொல்வது மனப்பிரமை அல்ல. விரல்கள் போனாலும் அவற்றிலிருந்து மூளைக்குப் போன நரம்புகள் மிச்சமிருக்கும் கைக்குள் உயிரோடுதான் இருக்கின்றன. 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். துணியும் ரப்பரும் அடுக்கிய சென்சார் உறையைச் செயற்கை விரல்நுனியில் மாட்டினார்கள்; இதுதான் அந்த எலெக்ட்ரானிக் தோல். அது உணர்ந்த அழுத்தத்தை, மிச்சக் கையின் தோல் வழியாக லேசான மின்தூண்டலாக நரம்புக்கு அனுப்பினார்கள். அறுவை சிகிச்சையே இல்லை. கை இழந்தவருக்கு அந்தத் தொடுகை இல்லாத விரலில் தெரிந்தது. உருண்டையான பொருளையும் கூர்மையான பொருளையும் பிரித்துச் சொன்னார். கூரான பொருள் பட்டதும் கை தானாகவே அதை விட்டுவிடும்படியும் செய்திருந்தார்கள். 2013இல் ரோமில் டென்மார்க்கைச் சேர்ந்த ஒருவருக்கு நரம்புக்குள்ளேயே மின்முனைகள் வைத்தார்கள். கண்ணைக் கட்டிய நிலையிலும் பொருளின் வடிவத்தையும் கடினத்தையும் சொன்னார். ஆனால் பாதுகாப்பு விதிப்படி ஒரு மாதத்தில் அவற்றை எடுத்துவிட்டார்கள். வியர்வையிலும் மடிப்பிலும் வருடக்கணக்கில் தாங்கும் தோல், நரம்பைக் கெடுக்காமல் நிலைக்கும் இணைப்பு, இரண்டும் அன்றாடப் புழக்கத்துக்குத் தயாராக வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மிச்சக் கையின் நுனியைப் பஞ்சால் மெல்லத் தொட்டு, எந்த விரலில் தெரிகிறது என்று கேளுங்கள். சிலருக்கு ஓர் இடத்தில் கட்டைவிரல், பக்கத்திலேயே சுண்டுவிரல் என்று தெரியும். அந்த இடங்களைப் பேனாவால் குறித்துப் படம் எடுத்து, மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் இப்படித் தெரியாது; தெரியாவிட்டால் கவலை வேண்டாம்.

குத்தலுக்கு, நம்மூரில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சி (இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து, இல்லாத கை அசைவதுபோல் உணர்வது) சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். ஓரிடத்தைத் தட்டினால் ஷாக் அடிப்பதுபோல் இருந்தால் நரம்புமுனைக் கட்டியாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

வேலையில் நடந்த விபத்து என்பதால், அவருக்கு இஎஸ்ஐ இருந்தால் செயற்கைக் கைக்கும் ஊன உதவித்தொகைக்கும் கட்டாயம் கேட்டுப்பாருங்கள். செயற்கைக் கையில் சூடு தெரியாது என்பதால், சூடான பாத்திரத்தை மட்டும் இடது கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள்.