சோப்புப் பெட்டி எப்படிக் கலையாகும்?

"கடைச் சரக்கைக் காட்சிக்கு வைத்தால் கலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் கலை வரலாறு படிக்கும் நானும் வகுப்பில் இதையே முணுமுணுத்தேன்.

1964இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால், பிரில்லோ சோப்பு அட்டைப்பெட்டிகளைப் போலவே மரப்பெட்டிகள் செய்து, மேலே அச்சிட்டு அடுக்கினார். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியென்றால் ஒன்று சரக்கு, மற்றொன்று கலை என்று பிரிப்பது எது? வைக்கும் இடமா, பார்க்கும் கண்ணா? கலை உயர்ந்தது, சரக்கு தாழ்ந்தது என்ற அந்தக் கோட்டைத்தான், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த பின்நவீனத்துவம் என்ற சிந்தனைப் போக்கு சந்தேகிக்கிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் எழுதிய 'பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை'யும், அதாவது எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் பெரிய கதைகளை நம்பாமையும், இதற்கு உறவுதான். ஆனால் அதில் தொடங்கினால் தலை சுற்றும்.

எனக்கு விளங்கவைத்தது மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம். திருமலை நாயக்கர் எழுப்பிய சிற்பத் தூண்களுக்கு நடுவே பல்லாண்டுகள் தையல் இயந்திரங்கள் ஓடின. அம்மாவுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, காத்திருந்த நேரத்தில்தான் சிலைகளைப் பார்த்தேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை; கடையும் கலையும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.