இலை நிறம் பார்க்க எந்த வாரம்? ‘கேரண்டி’ தேதிக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள், 2026 அக்டோபர் 22 அன்று திரும்புகிறார்கள். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் இலைகள் நிறம் மாறுவதை அவர்களுக்குக் காட்ட ஆசை. கொலம்பஸ் தின நீண்ட வார இறுதிக்கு, அக்டோபர் 10 முதல் 12 வரை, ஒரு பேக்கேஜ் இருக்கிறது, ‘உச்ச நிறம் கேரண்டி’ என்கிறார் தெரிந்த ஏஜென்ட். முழுப் பணத்தையும் இந்த வாரமே, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ஸெல்லில் (Zelle) அனுப்ப வேண்டுமாம், ரத்து செய்தால் திரும்ப வராதாம். மாமியாருக்கு மூட்டுவலி, பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பணம் கட்டலாமா, இல்லை நாங்களே காரில் போகலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்களே ஓட்டிப் போங்கள், அதுவும் அந்த வார இறுதிக்கு ஒரு வாரம் முன்னதாக.

முதலில் அந்தக் கேரண்டியைப் பார்ப்போம். தீபாவளியன்று மழை வராது என்று எழுதிக் கொடுக்கிற ஆள் உங்களுக்குக் கிடைப்பாரா? இதுவும் அதே சங்கதிதான். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது, அதுவரை பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் மரத்தின் சிவப்பு மட்டும் வேறு வகை. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாகும் நிறம் அது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைந்து போகாத அளவு குளிரும் சேர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். பகலின் நீளம் எல்லா வருஷமும் ஒன்றுதான், ஆகவே எந்த வாரம் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். வெயிலும் மழையும் காற்றும் அப்படி இல்லை. கோடையில் வறட்சி என்றால் இலைகள் சீக்கிரமே பழுத்து உதிர்ந்துவிடும். ஒரே இரவு பலத்த காற்றடித்தால் மலையின் ஒரு பக்கம் மொட்டையாகிவிடும். இதில் எதற்கு அவர் கேரண்டி தருகிறார்?

செப்டம்பர் பிறந்தால் வாட்ஸாப்பில் ஒரு வண்ண வரைபடம் சுற்ற ஆரம்பிக்கும், தேதியை நகர்த்தினால் மாநிலங்கள் சிவந்து பழுப்பாகிற மாதிரி. அது பழைய ஆண்டுகளின் கணக்கை வைத்து முன்கூட்டியே போட்ட மதிப்பீடு, இன்று மலையில் யாரும் நின்று பார்த்துச் சொன்னது இல்லை. ஏஜென்டின் ‘உச்சத் தேதி’ பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். மாநிலச் சுற்றுலாத் துறைகள் சீசனில் வெளியிடும் அறிக்கைகள் இதைவிட மேல். அவற்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள், அறைகளை நிரப்புவதுதான் அந்த அலுவலகங்களின் வேலை. ‘எங்கள் ஊரில் இலை கொட்டிவிட்டது, வராதீர்கள்’ என்று எந்த மாநிலமாவது அறிவித்திருக்கிறதா? ‘இன்னும் அழகு மிச்சமிருக்கிறது’ என்று எழுதுவார்கள். நாம்தான் பொருள் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எந்த வாரம்? நிறம் வடக்கிலிருந்து தெற்காகவும், மலை மேலிருந்து கீழாகவும் இறங்கும். நீங்கள் போக நினைக்கும் நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைப் பகுதியில் சாதாரணமாக அக்டோபர் முதல் வாரத்திலிருந்து இரண்டாம் வாரம் வரை நல்ல நிறம் இருக்கும். உயரமான கணவாய்கள் முந்திக்கொள்ளும், பள்ளத்தாக்கு ஊர்கள் பின்னால் வரும். லிங்கன் ஊரிலிருந்து கான்வே வரை போகும் 112-ஆம் எண் சாலையைக் கான்கமாகஸ் நெடுஞ்சாலை என்பார்கள், மொத்தம் 34.5 மைல். அதன் உச்சிக் கணவாய் சுமார் 2,850 அடி உயரத்தில் இருக்கிறது, கான்வே 500 அடிக்கும் கீழே. மேலே கொட்டியிருந்தால் கீழே சிவந்திருக்கும், கீழே பச்சையாக இருந்தால் மேலே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லவரும் விஷயம் இதுதான். தேதியை விலைக்கு வாங்காதீர்கள், ஏறி இறங்கும் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் பஸ்ஸில் அது கிடைக்காது. மதியம் 12 மணிக்கு எந்த வாகன நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று முன்பே அச்சடித்து வைத்திருப்பார்கள். அங்கே மரம் மொட்டையாக இருந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

நீண்ட வார இறுதி ஏன் வேண்டாம் என்கிறேன்? பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அந்த மூன்று நாளில்தான் வருகிறார்கள். லிங்கனுக்கு வடக்கே ஃப்ராங்கோனியா நாட்ச் என்ற மலைக் கணவாய் வழியாகப் போகும்போது ஐ-93 என்ற பெரிய நெடுஞ்சாலையே பக்கத்துக்கு ஒரு தடமாகச் சுருங்கிவிடும். அங்கே ஒருவர் படம் எடுக்க வேகத்தைக் குறைத்தால் பின்னால் மைல் கணக்கில் வண்டிகள் தேங்கும். கூட்டம் இந்தத் தேதியில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் ஒவ்வொரு ஆண்டும் நிறுத்த இடமில்லை, கழிப்பறைக்கு வரிசை. சாலை ஓரத்தில் நிறுத்தினால் அபராதச் சீட்டு மட்டும் தாமதமில்லாமல் வரும்.

இந்த ஆண்டு இன்னொரு சங்கடமும் உண்டு. அக்டோபர் 10 சனிக்கிழமை மகாளய அமாவாசை, மறுநாள் நவராத்திரி ஆரம்பம். உங்கள் மாமனார் தர்ப்பணம் செய்கிறவராக இருந்தால் அன்று காலை ஏதோ ஒரு மோட்டலில் எள்ளும் தண்ணீருமாக உட்கார வைக்காதீர்கள். மாமியாருக்குக் கொலு வைக்கிற ஆசை இருக்குமே, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேக்கேஜ் போடுகிறவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

ஆகவே அக்டோபர் 4 ஞாயிறு விடிகாலை கிளம்பி 6 செவ்வாய் இரவு திரும்புங்கள். பையனுக்கு இரண்டு நாள் பள்ளி போகும். முன்கூட்டியே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள், இரண்டாம் வகுப்பில் இரண்டு நாளில் எதுவும் குடிமுழுகாது. எடிசனிலிருந்து லிங்கனுக்கு ஐ-84, ஐ-91 வழியாக நெரிசல் இல்லாமல் ஆறு மணி நேரம் ஆகும். பெரியவர்களோடு போகிறீர்கள், எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையில் கிளம்பி டான்பரியிலும் வாட்டர்பரியிலும் ஹார்ட்ஃபோர்டிலும் சிக்கி நடு இரவில் போய்ச் சேருவதற்கு ஞாயிறு காலை எவ்வளவோ தேவலை.

இப்போது அறை. பணம் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹோட்டல் பெயரைத் தேடினால் முதலில் வருவது ஹோட்டலின் பக்கமாக இருக்காது, விளம்பரமாக இருக்கும். ஹோட்டலின் பெயரும் படமும் போட்டிருப்பார்கள், கொடுத்திருக்கும் எண்ணை எடுப்பவர் ஏதோ ஒரு கால் சென்டர் இடைத்தரகர். அட்டையில் உடனே முழுப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள், தனியாகச் சேவைக் கட்டணமும் இருக்கும். பிறகு தேதி மாற்ற ஹோட்டலைக் கூப்பிட்டால் ‘நீங்கள் எங்களிடம் பதிவு செய்யவில்லையே’ என்பார்கள். வரைபடத்தில் ஹோட்டலின் இடத்தைத் தொட்டு, அங்கே இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். எடுத்தவரிடம் ‘நீங்கள் முன்மேசையிலிருந்து பேசுகிறீர்களா?’ என்று கேளுங்கள், தயங்கினால் வைத்துவிடுங்கள். ரத்து செய்யக் கடைசித் தேதி எது, அறை வாடகைக்கு மேல் விடுதிக் கட்டணம் (ரிசார்ட் ஃபீ) என்று தனியாக ஏதாவது உண்டா என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பாத அறையை எடுக்கவே கூடாதா? ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, நிறையப் பேர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் விரித்துச் சொல்கிறேன். அந்தப் பக்கம் குடும்பமே நடத்தும் சிறு விடுதிகள் நிறைய. அவர்களுக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில்தான். அதனால் ஒரு இரவு வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், தங்கும் தேதிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் ரத்து செய்தால் தரமாட்டார்கள், அதில் தப்பில்லை. இதை ஏற்கலாம், ஆனால் நான்கும் பொருந்தினால் மட்டும். பணம் நேரே விடுதிக்கே போக வேண்டும். முன்பணம் ஒரு இரவுக்கு மேல் போகக் கூடாது. கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும். தேதியை ஒரு முறை நகர்த்திக்கொள்ளலாம் என்று அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான்கில் மூன்று இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். அதிலும் கடைசி நிபந்தனையை ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று விடுகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். உங்கள் ஏஜென்டின் பேக்கேஜ் இந்த விதிவிலக்குக்குள் வராது. அவர் ஹோட்டல்காரர் இல்லை. பல சமயம் பஸ்ஸை ஓட்டுகிறவரும் இல்லை, இன்னொருவரின் பஸ்ஸில் சீட்டு விற்கிறவர். ஸெல்லில் போன பணம் ரொக்கம் கொடுத்த மாதிரிதான். நீங்களே அனுப்பியது என்று சொல்லி வங்கி கையை விரித்துவிடும்.

ஐந்து பேருக்கு மினிவேன் வாடகைக்கு எடுத்தால், சாலைச் சுங்கத்தைத் தானாகக் கட்ட அந்த வண்டியோடு வரும் சுங்கக் கருவியில் கவனம் வையுங்கள். அதை நீங்கள் ஒருமுறை பயன்படுத்தினாலும் சுங்கத்தோடு சேர்த்துத் தினக் கட்டணம் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் ஈ-ஸீபாஸ் (E-ZPass) சுங்கக் கணக்கில் அந்த வண்டியின் எண்ணைத் தற்காலிகமாகச் சேர்த்து உங்கள் கருவியையே கொண்டுபோங்கள், வண்டியைத் திருப்பியதும் எண்ணை நீக்கிவிடுங்கள். கனெக்டிகட்டிலும் வெர்மான்டிலும் சுங்கமே கிடையாது என்பதால் இந்த வழியில் செலவு குறைவுதான்.

திங்கட்கிழமை ஒரு சுற்று போதும். லிங்கனிலிருந்து கான்கமாகஸ் வழியாகக் கான்வே, அங்கிருந்து 302-ஆம் சாலையில் க்ராஃபோர்ட் நாட்ச், ப்ரெட்டன் வுட்ஸ், பிறகு ஃப்ராங்கோனியா நாட்ச் வழியாக லிங்கன். ஏறத்தாழ 100 மைல், நின்று நின்று போனால் நாள் முழுக்கச் சரியாக இருக்கும். கான்கமாகஸில் ஒரு பெட்ரோல் பங்க் கூடக் கிடையாது, போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது. தொட்டியை லிங்கனிலேயே நிரப்புங்கள், வரைபடத்தைப் போனில் பதிவிறக்கி வையுங்கள், காலை எட்டுக்குள் சாலையில் இருங்கள். ராக்கி கார்ஜ், ஆல்பனி மூடுபாலம் இரண்டும் நிறுத்துமிடத்திலிருந்து பக்கம், மாமியாருக்குச் சிரமம் இருக்காது. ஃப்ளூம் கார்ஜ் வேண்டாம், ஏறத்தாழ இரண்டு மைல் நடையும் படிகளும் உண்டு. ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ளஃப் படங்களில் பிரமாதமாக இருக்கும், ஏறுவது பாறை வழி, அதுவும் வேண்டாம். உயரத்திலிருந்து பார்க்க லிங்கனில் லூன் மலையின் கோண்டோலா, அதாவது கம்பிவட வண்டி இருக்கிறது. மூட்டு ரொம்பப் படுத்தினால் நார்த் கான்வேயிலிருந்து கிளம்பும் பழைய பாணி ரயிலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். எந்த நாளில் எந்த ரயில் என்று பார்த்துச் சீக்கிரமே சீட்டு எடுங்கள்.

‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மெய்னில் அகேடியாவையும் பார்த்துவிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். மூன்று நாளில் அது சாலையைப் பார்க்கிற பயணமாகிவிடும். 2026 தொடக்கத்திலிருந்து அகேடியா உட்பட 11 தேசியப் பூங்காக்களில், ஆண்டு அனுமதி அட்டை இல்லாத, அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவரிடம் 16 வயது நிரம்பியிருந்தால் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு மலையைக் காட்ட 200 டாலர்! யார் உட்கார்ந்து யோசித்தார்களோ. ஒயிட் மவுண்டன்ஸ் தேசியக் காடு, பூங்கா அல்ல, அதனால் அங்கே இந்த வசூல் இல்லை. சில நிறுத்துமிடங்களில் சிறு தொகை கேட்பார்கள், அவ்வளவுதான். வெர்மான்டில் போம்ஃப்ரெட் ஊர்ப் பண்ணை ஒன்றின் படமும் உங்களுக்கு வந்திருக்கும். கூட்டத்தின் தொல்லை தாங்காமல் 2023-லிருந்து சீசனில் அந்தச் சாலையை வெளியாருக்கு அடைத்துவிடுகிறார்கள். அதை நம்பி வண்டியைத் திருப்ப வேண்டாம்.

புரட்டாசி மாதம் வேறு. மலை ஊர்களில் சைவம் என்றால் பீட்சாவும் உருளைக்கிழங்கும்தான் அதிகம். சமையல் மேடை உள்ள அறை கிடைத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் தயிர்சாதமும் புளிக்காய்ச்சலும் போகட்டும். அக்டோபர் தொடக்கத்தில் இரவுக் குளிர் உறைநிலையை ஒட்டி வரும், பெரியவர்களுக்குக் குல்லாயும் கையுறையும் வேண்டும். மாலை ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். அதற்குப் பிறகு காட்டுச் சாலையில் ஓட்டாதீர்கள். மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வந்தால் அதன் கால்கள்தான் விளக்கு வெளிச்சத்தில் தெரியும், உடம்பு கண்ணாடி உயரத்தில் வந்து மோதும்.

அந்த மூன்று நாளும் மழை என்று வந்தால் காலக்கெடுவுக்குள் ரத்து செய்துவிடுங்கள். அக்டோபர் நடுவில் ஹட்சன் பள்ளத்தாக்கு நிறம் மாற ஆரம்பிக்கும். பேர் மவுண்டனும் அதன் உச்சிக்குப் போகும் பெர்க்கின்ஸ் சாலையும் உங்கள் வீட்டிலிருந்து காலையில் போய் மாலை திரும்பும் தூரம்தான். கூட்டத்தைத் தவிர்க்க வேலைநாளில் போங்கள், கொலுவுக்கு வருகிறவர்கள் மாலையில்தானே வருவார்கள்.

ஏஜென்டிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். ‘உச்ச நிறம் இல்லாவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதித் தாருங்கள், கிரெடிட் கார்டில் கட்டுகிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் அக்டோபர் 4, 5 இரவுகளுக்கு லிங்கனில் ரத்து செய்யக்கூடிய அறையை இன்றே பிடித்துவிடுங்கள். ரத்துக்கான கடைசித் தேதியை உங்கள் போனிலும் உங்கள் வீட்டுக்காரர் போனிலும் குறித்து வையுங்கள்.