கெட்டித் தயிரும் கெட்டிக்கார டப்பாவும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஸாட்ஸிகி பற்றியவை. வடிகட்டிய தயிரில் துருவிப் பிழிந்த வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், சிறிது வினிகர் சேர்த்து கிரேக்கர்கள் ரொட்டிக்கும் சுட்ட இறைச்சிக்கும் தொட்டுக்கொள்வது. நம் வெள்ளரிப் பச்சடிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். ஆனால் பச்சடி வழியலாம், இது வழியக் கூடாது.

கே: 'கிரீக் யோகர்ட்' டப்பா வாங்கி வெள்ளரி, பூண்டு, உப்பு எல்லாம் சேர்த்தேன். வாயில் வைக்க முடியாத இனிப்பு. கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (கோவை)

ப: நீங்கள் அனுப்பிய படத்திலேயே 'வெனிலா' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கேட்க முடியாது.

கே: இங்கே கடையில் 'கிரீக்' ஒரு விலை, 'கிரீக் ஸ்டைல்' அதில் பாதி விலை. இரண்டும் ஒன்றுதானே? (லண்டன்)

ப: ஒன்றில்லை. 'ஸ்டைல்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. அமெரிக்காவில் தயாரான சோபானி தயிரை பிரிட்டனில் 'கிரீக் யோகர்ட்' என்று விற்றபோது, கிரேக்க நிறுவனமான ஃபாயே நீதிமன்றம் போனது. 2013இல் ஃபாயே பக்கம் தீர்ப்பு வந்தது, 2014இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. கிரீஸில் செய்யாததற்கு 'ஸ்டைல்' ஒட்டுவது பிரிட்டனில் முன்பே இருந்த பழக்கம், அதைத்தான் தீர்ப்பு உறுதியாக்கியது.

ஸ்டைல் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. சிலர் ஒழுங்காக வடிகட்டித்தான் செய்கிறார்கள். எனக்கு எரிச்சல் தருவது மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிவிட்டு, வடிகட்டிய தயிரின் விலையைக் கேட்பவர்கள்தான். தயிரை வடிகட்டினால் தண்ணீர் போய்ப் புரதம் தங்கும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் அளவில் இருக்கும் புரதம், வடிகட்டியதில் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறும். டப்பாவைத் திருப்புங்கள். புரதம் நான்கு கிராம் என்று இருந்தால் உள்ளே இருப்பது வேறு வித்தை. பொருள் பட்டியலில் பாலும் உறையும் மட்டும் இருக்க வேண்டும். ஸ்டார்ச், ஜெலட்டின், பெக்டின், அல்லது இந்தியப் பாக்கெட்டில் 1442 (மாற்றிய ஸ்டார்ச்), 440 (பெக்டின்) போன்ற எண்கள் இருந்தால் கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பால் புரதப் பொடி சேர்த்தும் புரதக் கணக்கை ஏற்றலாம். ஆகவே இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

பிரிட்டன் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது. இங்கே முன்பக்கத்தை நம்பாதீர்கள்.

கே: செய்து இரண்டு மணி நேரத்தில் மேலே தண்ணீர் மிதக்கிறது. தயிர் கலப்படமா? (மதுரை)

ப: தயிரைக் குறை சொல்லாதீர்கள், வெள்ளரியைப் பிழிந்தீர்களா? அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். 300 கிராம் வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, துருவி, அரை டீஸ்பூன் உப்புப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு துணியில் கட்டி, முறுக்கிப் பிழியுங்கள். கையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். துணியைத் திறந்தால் துருவல் பந்தாக நிற்க வேண்டும், சரிந்தால் இன்னொரு முறுக்கு.

400 கிராம் வடிகட்டிய தயிர், பூண்டு இரண்டு பல், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். பூண்டை வினிகரிலேயே நசுக்குங்கள். புளிப்பு பட்டால் பூண்டின் காரம் அவ்வளவாகக் கிளம்பாது. எல்லாவற்றையும் கரண்டியால் கலந்தால் போதும். மிக்ஸியில் போட்டால் தயிரின் கட்டு உடைந்து மோராகிவிடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், வெள்ளரியில் கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறது. காம்புப் பக்கத்தை ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுத் துருவுவது நல்லது. ஒரே ஒரு கசப்பு வெள்ளரி முழுக் கிண்ணத்தையும் கெடுக்கும்.

கே: தயிர் வடிகட்டும் பிளாஸ்டிக் பெட்டி ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா? (திருச்சி)

ப: வேண்டாம். என் பரணில் ஒன்று கிடக்கிறது, இரண்டாவது கழுவலில் வலை பிய்ந்துவிட்டது. பழைய பருத்தி வேட்டித் துணி, ஒரு வடிதட்டு, அடியில் பாத்திரம், ஃப்ரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். முழுக் கொழுப்புப் பாலில் உறைந்த ஒரு கிலோ தயிர் 400 முதல் 450 கிராம் வரை தரும். கடை டப்பா, அதே எடை சாதாரணத் தயிரின் விலையைப் போல் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு வரை இருந்தால் நியாயம் என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம். அதற்கு மேல் கொடுப்பது பெயருக்கு.

கே: ஆலிவ் எண்ணெய் ஃப்ரிட்ஜில் உறைந்தால் அசல் என்கிறார்களே? (சேலம்)

ப: நம்பகமான சோதனை இல்லை. 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்று போட்ட கருப்புக் கண்ணாடி பாட்டிலைச் சிறியதாக வாங்குங்கள். 'பொமேஸ்' என்றால் எண்ணெய் எடுத்த சக்கையைக் கரைப்பான் ஊற்றி மறுபடி பிழிந்து சுத்திகரித்தது. பொரிக்க ஆகும், பச்சையாக ஊற்றும் இதற்கு ஆகாது. 'லைட்' என்பது நிறமும் மணமும் பற்றியது. கொழுப்பு அதே கொழுப்புதான்.

கே: டெலிவரியில் வந்த தயிர் டப்பாவின் மூடி உப்பியிருந்தது. தேதி பார்த்தால் நான்கு நாள் முன்பே முடிந்தது. 'கெட்டுப்போகும் பொருள், ரிட்டர்ன் கிடையாது' என்று செயலியில் பதில் வருகிறது. (சென்னை)

ப: உங்கள் கோபம் நியாயமானது, விடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவர்களாகப் போட்டுக்கொண்ட 'ரிட்டர்ன் கிடையாது' அதற்கு மேல் இல்லை. மூடி, தேதி, பேட்ச் எண், 14 இலக்க உணவு உரிம எண், பில் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் இல்லை. டப்பாவை ருசி பார்க்க வேண்டாம்.

கே: ஸாட்ஸிகியில் போடச் சதகுப்பைக் கீரை (டில்) கிடைக்கவில்லை. அதன் விதையைப் போடலாமா? (ஈரோடு)

ப: கூடாது. புதினா போடுங்கள்.

கே: முப்பது பேர் விருந்து. எவ்வளவு வாங்குவது? (புதுச்சேரி)

ப: தலைக்கு 60 கிராம் என்றால் மூன்று கிலோ தயிர், ஒரு கிலோ வெள்ளரி, எண்ணெய் 100 மில்லி. பூண்டை மட்டும் மூன்று மடங்காக்காதீர்கள், ஐந்து பல் போதும், நேரம் ஆக ஆக ஏறும். முதல் நாள் இரவே வடிகட்டிவிட்டு, கலப்பதை விருந்தன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோவையும் ஒரே துணியில் கட்டினால் நடுவில் இருப்பது வடியவே வடியாது. மூன்று மூட்டையாகக் கட்டுங்கள்.