விமான எரிபொருளைக் கணினியில் எரிப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜெட் ஏ-1 எரிபொருளில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றனவே. எரிதலைக் கணினியில் கணக்கிட அத்தனையையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், வீண் வேலை. ஆலைக்கு ஆலை கலவையும் மாறும். அசலைப் போலவே நடந்துகொள்ளும் பதிலிக் கலவை ஒன்று போதும். பிரின்ஸ்டன் ஆய்வாளர்களின் முதல் கலவையில் டெக்கேன், ஐசோ ஆக்டேன், டொலுவீன் மூன்றே. ஹைட்ரஜன்–கார்பன் விகிதமும் சீட்டேன் எண்ணும் (தானாகத் தீப்பற்றும் எளிமையின் அளவு) பொருந்தின. சராசரி மூலக்கூறு எடையையும் பொருத்த, அடுத்த கலவையில் டோடெக்கேனைக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: என்னிடம் ஜிஆர்ஐ-மெக் 3.0 என்ற எரிதல் வினைத்தொகுதி இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. 53 சேர்மங்கள், 325 வினைகள் கொண்ட அது இயற்கை எரிவாயுவுக்கானது. புரொப்பேனை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். தீப்பற்ற எடுக்கும் நேரத்தைக் கணிக்கும்போது காலை வாரிவிடும்.

கேள்வி: ஸ்டான்ஃபோர்டின் ஹைகெம் முறையில் எரிபொருளுக்கென்று ஒரு சில சிதைவு வினைகள்தானாமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக, உயர் வெப்பநிலையில். சுமார் 1000 கெல்வினைத் தாண்டினால் பெரிய மூலக்கூறுகள் எரிவதற்கு முன்பே உடைந்துவிடுகின்றன. எந்த ஜெட் எரிபொருளானாலும் மிஞ்சுவது எத்திலீன், புரொப்பீன், ஐசோபியூட்டீன், மீத்தேன், ஹைட்ரஜன், பென்சீன், டொலுவீன் என்ற சிறு கூட்டம்தான். விகிதம் மட்டும் மாறும். அந்த விகிதத்தை அதிர்வலைக் குழாயிலும் பாய்வு உலையிலும் அளந்து எடுக்கிறார்கள். அதன்பின் ஆட்சி செய்வது சிறு மூலக்கூறுகளின் வேதியியல். குறிப்பாக ஒரு வினை: ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு மோதி, ஹைட்ராக்சிலையும் ஆக்சிஜன் அணுவையும் தருகிறது. ஒரு தனியுறுப்பு (வினைபுரியத் துடிக்கும் துண்டு) போய் இரண்டு வருகின்றன. எரிபொருள் மாறினாலும் சுடரின் வேகம் பெரிதாக மாறாததற்குக் காரணம் இதுவே.

கேள்வி: அதே உயர்வெப்பநிலை மாதிரி 800 கெல்வினில் அளவீட்டோடு ஒத்துப்போகவில்லையே?

பதில்: ஒத்துப்போனால்தான் வியப்பு. அங்கே எரிபொருள் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை இழந்து உருவாகும் ஆல்க்கைல் தனியுறுப்பு உடைவதற்குள் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு பெராக்சியாகிறது. உள்ளேயே ஒரு ஹைட்ரஜன் இடம் மாற, இன்னொரு ஆக்சிஜன் சேர்ந்து, கடைசியில் ஹைட்ராக்சில்கள் பிறக்கின்றன. இன்னும் சூடேற்றினால் அந்த முதல் பிணைப்பே பிரிகிறது. அதனால் தீப்பற்றும் நேரம் குறையாமல் நீள்கிறது! இந்த விசித்திரம் வேண்டுமென்றால் விரிவான வினைத்தொகுதிக்குத்தான் போக வேண்டும். லாரன்ஸ் லிவர்மோர் கூடத்தின் நேர்சங்கிலி ஆல்க்கேன் தொகுதியில் 2000க்கும் மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன.

கேள்வி: அதைச் சுருக்கலாமா?

பதில்: சுருக்காமல் முப்பரிமாணக் கணக்குக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் தீப்பற்றும் நேரத்துக்கு மட்டும் சரிபார்த்துச் சுருக்கிய தொகுதியிடம் புகைக்கரியைப் பற்றிக் கேட்காதீர்கள்.