முதலில் சிலிண்டரை அளங்கள், அச்சை அப்புறம் வாங்கலாம்

டெக்சாஸில் பல வருடமாக வார இறுதிகளில் ஈயம் உருக்கி, என் ரிவால்வர்களுக்கு நானே குண்டு வார்த்துக்கொள்கிறேன். அச்சு வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். நான் தோட்டா என்று சொன்னால் பித்தளை ஷெல், வெடிமருந்து எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா. குண்டு என்றால் அதன் முனையில் உட்காரும் ஈயம் மட்டும்.

அண்ணா, .357 மேக்னம் ரிவால்வர் வாங்கியிருக்கிறேன். எல்லோரும் 358, அதாவது 0.358 அங்குலம், என்று போட்ட அச்சைத்தான் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கிவிடலாமா?

பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். ஆனால் அந்தப் "பெரும்பாலும்" என்ற வார்த்தையை நம்பி நான் பட்ட பாடு உண்டு. பழைய .45 கோல்ட் ரிவால்வர் ஒன்று கைக்கு வந்தது. இந்தக் காலத்துக் கணக்குப்படி 0.452 அங்குல அச்சை வாங்கி, இருநூறு குண்டு வார்த்து, ஆசையாகச் சுடப் போனேன். மூன்றாவது சுற்றிலேயே குண்டுகள் திசைக்கு ஒன்றாகப் போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழலின் தொடக்கக் கூம்பு முழுக்க ஈயம் பூசியிருந்தது. செம்புக் கம்பிச் சுருளை வைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். அதற்கப்புறம்தான் சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழலும் உருளையை, அளக்கவே தோன்றியது: அதன் அறைகளில் குண்டு வெளியேறும் முன்வாய் 0.455 அங்குலம். குண்டைச் சுற்றி இருந்த அந்தச் சந்து வழியாகச் சூடான வாயு புகுந்து, ஈயத்தின் ஓரத்தை உருக்கிக்கொண்டு போயிருக்கிறது.

அளப்பது சுலபம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றுங்கள். கொஞ்சம் பெரிய மெத்தென்ற ஈயத் துண்டை எண்ணெய் தடவி ஒவ்வொரு முன்வாய் வழியாகவும் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இங்கே பேச்சு. அதற்குச் சாதாரண வெர்னியர் போதாது. ஆறு அறையையும் அளங்கள், ஆறும் ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் இல்லை. குண்டு அந்த வாயில் விரலால் அழுத்தினால் இறுக்கமாக நுழைய வேண்டும். தானாக விழக் கூடாது. அச்சு அந்த அளவைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பெரிதாக இருந்தால் நல்லது. பெரிய குண்டை சைஸரில், அதாவது அளவான துளையுள்ள கருவியில், தள்ளிச் சின்னதாக்கிவிடலாம், சின்னதை என்ன செய்ய முடியும்?

அலுமினியமா, இரும்பா, பித்தளையா?

லீ கம்பெனியின் அலுமினிய அச்சு விலை குறைவு, சீக்கிரம் சூடேறும், கை வலிக்காது. ஆனால் மெத்தென்ற உலோகம், முரட்டுத்தனம் தாங்காது. லைமன், ஆர்சிபிஎஸ் போன்ற இரும்பு அச்சுகள் பேரன் காலம் வரை வரும், துரு மட்டும் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால். பித்தளை சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் ஒரே தடவையில் நான்கு குண்டு வார்க்கும் நான்கு குழி அச்சை ஒரு மணி நேரம் பிடித்தால் மணிக்கட்டு பேசும். முதல் அச்சுக்கு இரண்டு குழி அலுமினியம் போதும் என்பது என் கட்சி. பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டம் இல்லை.

எந்த அச்சானாலும் முதல் தோசை கல்லில் ஒட்டுகிற கதைதான். அச்சு சூடேறும் வரை குண்டுகள் சுருக்கம் விழுந்து வரும். திரும்பப் பாத்திரத்தில் போடுங்கள். அச்சைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள்.

அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வடிவமைத்த குண்டுதான் சிறந்தது என்கிறார்களே?

தோளுள்ள தட்டை முனைக் குண்டு, அதாவது செமி வாட்கட்டர், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது நியாயம்தான். காகித இலக்கில் வட்டமாகத் துளை போடும், குறியும் நன்றாக இருக்கும். லைமன் 429421 அவர் .44க்கு வடிவமைத்தது. இந்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், மீதி வடிவத்தின் எண். அதே குடும்பத்து 358429க்கு மூக்கு நீளம். .357 ஷெல்லில் அதை வைத்து, அதற்கான பள்ளத்தில் ஷெல் வாயை மடக்கினால், குட்டைச் சிலிண்டர் உள்ள சில ரிவால்வர்களில் முனை வெளியே நீட்டிக்கொண்டு சிலிண்டர் சுற்றவே சுற்றாது. சிலிண்டரின் நீளத்தையும் அளக்கச் சொல்வது இதற்காகத்தான். அதே தோட்டாவை லீவர் ரைபிளிலும் போடப் போகிறீர்கள் என்றால் உருண்டையான தோளும் தட்டை முனையும் உள்ளதை எடுங்கள். செமி வாட்கட்டரின் தோள் சில ரைபிள்களில் இடிக்கும்.

குண்டில் வெள்ளீயம் கலக்க வேண்டுமாம். பாட்டியின் ஈயச்சொம்பு பரணில் இருக்கிறது. உருக்கலாமா?

ஐயோ, அதில் ரசம் வையுங்கள்! கேள்வியில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நல்ல ஈயச்சொம்பு குண்டு வார்க்கும் காரீயம் அல்ல, வெள்ளீயம். காரீயத்தோடு கொஞ்சம் சேர்த்தால் அச்சின் மூலைகளை நன்றாக நிரப்பும். லைமன் இரண்டாம் எண் கலவையில் காரீயம் 90, வெள்ளீயம் 5, ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் 5 பங்கு. ஆனால் அதற்காக ரசச் சொம்பா? ஈயமில்லாத சால்டர் கம்பி கடையில் கிடைக்கும், பெரும்பாலும் அது வெள்ளீயம்தான்.

கலவை மாறினால் அதே அச்சில் விழும் குண்டின் விட்டமும் லேசாக மாறும். சுத்த ஈயம் சற்றுச் சின்னதாக விழும், ஆன்டிமனி உள்ளது சற்றுப் பெரிதாக.

1851 கோல்ட் நேவியின் நகல் ஒன்று, .36 அளவு. அதற்கு?

இது ஷெல் இல்லாமல், வெடிமருந்தையும் குண்டையும் சிலிண்டரின் முன்வாய் வழியாக நிரப்பும் பழைய மாதிரி. 0.375 அங்குல உருண்டைக் குண்டு அச்சு. சுத்த ஈயம் மட்டும். உருண்டையை அறைக்குள் அழுத்தும்போது ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். விழுந்தால் அளவு சரி.

கோயம்புத்தூரில் இருக்கிறேன். இங்கே செய்து பார்க்கலாமா சார்?

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலும் சொந்த உபயோகத்துக்கு வார்க்கத்தான் மத்திய உரிமம் வேண்டாம். விற்க வார்த்தால் வேண்டும். மாநிலச் சட்டம் தனி.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வார்க்கலாமா?

அடுப்படி வேண்டவே வேண்டாம். வெளியே, காற்றோட்டமாக, குழந்தை வராத இடத்தில். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் சிதறி முகத்தில் அடிக்கும், ஆகவே மழை தூறினால் அன்றைக்கு வேலை இல்லை. ஈயம் கலக்கிய கரண்டி திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது. எனக்கு அதற்கென்று ஒரு பழைய சட்டை, ஒரு ஜோடி செருப்பு. இரண்டும் கராஜ் கதவைத் தாண்டி உள்ளே வராது, சட்டையைத் தனியாகத்தான் துவைப்பேன். குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.